கறுப்பில்லாத குதிரை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. முதல் பக்கம் முழுக்கப் பாராட்டு, பக்கத்தைத் திருப்பினால் குட்டு. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர் என்று சொல்லாமலே தெரிந்துவிட்டது. தேர்தல் பற்றி நான் மொழிபெயர்த்த கட்டுரையில் 'அவர்தான் இந்தத் தேர்தலின் கறுப்புக் குதிரை' என்று வந்த வரியைக் கத்தரித்து ஒட்டி, பக்கத்தில் 'இது என்ன தமிழ்?' என்று சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள். தமிழே இல்லை என்பதுதான் பதில். நாளிதழ்கள் எல்லாம் எழுதுகின்றனவே என்று நானும் எழுதிவிட்டேன். ஊரோடு ஒத்து வாழ்ந்ததன் பலன்.

'டார்க் ஹார்ஸ்' பந்தயத் திடலில் பிறந்த சொல். குதிரையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளை வெளேரென்று இருக்கும் குதிரையும் டார்க் ஹார்ஸ் ஆகலாம். பணம் கட்டுகிறவர்களுக்கு அதன் ஜாதகம் தெரியாது, அவ்வளவுதான். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான டிஸ்ரேலி, இளவயதில் எழுதிய 'தி யங் டியூக்' நாவலில் (1831) அப்படியொரு குதிரை எல்லோரையும் முந்திக்கொண்டு பாய்கிறது. 1844இல் அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் யார் கணக்கிலும் இல்லாத ஜேம்ஸ் போல்க், ஒன்பதாவது சுற்று வாக்கெடுப்பில் வேட்பாளராகி, பிறகு ஜனாதிபதியும் ஆனார். அவரை 'டார்க் ஹார்ஸ்' என்றார்கள். 'யாரும் எதிர்பாராத ஆள்' என்று நான் எழுதியிருந்தால் உங்கள் சிவப்பு மை மிச்சமாகியிருக்கும்.

இந்தக் குட்டு வாங்கியபிறகு அகராதியும் கையுமாக உட்கார்ந்ததில் ஒன்று பிடிபட்டது. ஆங்கிலத்தில் 'டார்க்' என்று வரும் இடங்களில் பாதிக்குமேல் இருட்டு அந்தப் பொருளில் இல்லை, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது. 'டார்க் ஏஜஸ்' என்று ஐரோப்பியர் ஒரு காலத்தைச் சொன்னார்கள். அந்த நூற்றாண்டுகளிலும் சூரியன் உதித்தது, ஜனங்கள் உழுதார்கள், பிள்ளை பெற்றார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் காலத்தைப் பற்றிய எழுத்து அதிகம் கிடைக்கவில்லை, கிடைத்ததையும் மதிக்கவில்லை. இன்றைய வரலாற்றாசிரியர்கள் அந்தப் பெயரைத் தொடவே தயங்குகிறார்கள். நிலாவின் 'டார்க் சைடு' கதையும் இதேதான். அந்தப் பக்கம் எப்போதும் இருளில் கிடக்கிறது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நமக்கு அமாவாசையாக இருக்கும் நாளில் அங்கே முழு வெயில்! பூமியிலிருந்து அதைப் பார்க்க முடியாது என்பதுதான் சங்கதி. 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 படம் எடுத்து அனுப்பும்வரை எந்த மனிதரும் அந்த முகத்தைக் கண்டதில்லை. 'மறுபக்கம்' என்று எழுதினால் போதும்.

இதில் என்னை அதிகம் படுத்தியது 'டார்க் மேட்டர்'. ஃபிரிட்ஸ் சுவிக்கி என்ற வானியலாளர் 1933இல் கோமா என்னும் விண்மீன் மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அங்குள்ள மண்டலங்கள் ஓடுகிற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் நிறையின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அவை என்றோ சிதறிப்போயிருக்க வேண்டும். ஆகவே தெரியாத ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்றார். தெரியாத அந்த ஒன்றைத் தமிழில் 'கரும்பொருள்' என்கிறோம். ஆனால் அது கறுப்பு இல்லை. கறுப்பாக இருந்தால் ஒளியை விழுங்கும், பின்னால் இருப்பதை மறைக்கும். இதுவோ ஒளியைத் தொடுவதே இல்லை. கண்ணாடியைப்போல ஊடுருவ விட்டுவிடுகிறது. 'கருந்துளை' சரி, அங்கே ஒளி போனால் திரும்பாது. 'கரும்பொருள்' தப்பு. போதாததற்கு, அச்சுக்கோப்பில் 'ம்' ஒன்று 'ப்' ஆகிவிட்டால் தொல்காப்பியத்துக் கருப்பொருளாகி, விண்மீன்களுக்கு நடுவே முல்லைப்பூவும் மாடும் மேய ஆரம்பித்துவிடும். என் கட்டுரை ஒன்றில் ஒருமுறை மேய்ந்தும் விட்டன. 'காணாப்பொருள்' என்று எழுதிப் பார்த்தேன். ஆசிரியர் குழு ஏற்கவில்லை. இன்றும் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

நாடக அரங்கு 'டார்க்' என்றால் இன்று காட்சி இல்லை. டார்க் சாக்லேட் மட்டும் நேர்மையானது, உண்மையிலேயே நிறம்தான். 'பிளாக்அவுட்'டுக்கு நம்மிடம் ஒன்றுக்கு இரண்டாக நல்ல சொற்கள் உண்டு. செய்தியை அமுக்கினால் 'இருட்டடிப்பு'. ஆள் மயங்கினால் 'கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு'. போர்க்காலத்தில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து விளக்கணைப்பது மட்டும் நம் பேச்சில் தங்கவில்லை. 1939 செப்டம்பர் முதல் பிரிட்டனில் ஜன்னல் ஜன்னலாகக் கறுப்புத் துணி மாட்டிய தலைமுறைக்கு 'பிளாக்அவுட்' என்ற சொல்லில் வேறொரு கனம் இருந்திருக்கும்.

இனி உங்கள் மாணவியின் கேள்வி. 'ஷேடும் நிழல், ஷேடோவும் நிழல், அப்புறம் எதுக்கு மிஸ் ரெண்டு?' அவளுக்கு என் சார்பில் ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள். ஏனென்றால் பழைய ஆங்கிலத்தில் அவை இரண்டல்ல, ஒன்றுதான். அந்தக் காலத்து ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் நம்முடையவைபோல வேற்றுமை ஏற்றவை. எழுவாயாக நின்ற வடிவம் 'ஷேட்' ஆனது, உருபேற்ற வடிவம் 'ஷேடோ' ஆனது. புல்வெளியைக் குறிக்கும் 'மீட்', 'மெடோ' ஜோடியும் இப்படிப் பிரிந்ததுதான். உருபுகள் உதிர்ந்தபிறகு இரண்டு வடிவமும் அநாதையாக நின்றன. ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டன. உட்காரும் இடம் ஷேட், தரையில் விழும் உருவம் ஷேடோ. தமிழில் உருபு இன்னும் உயிரோடு இருப்பதால் நமக்கு இரண்டாவது சொல் தேவைப்படவில்லை. 'நிழலில் உட்கார்', 'நிழல் நீள்கிறது' என்றால் பிள்ளைகளுக்குக்கூடக் குழப்பமில்லை. கரும்பலகையில் இதை எழுதிக் காட்டுங்கள், ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணமும் நடந்த மாதிரி இருக்கும்.

பிரிந்தபின் இரண்டும் போன தூரம்தான் ஆச்சரியம். ஷேட் என்றால் விளக்கின் மூடி, நிறத்தின் சாயை, செத்தவரின் ஆவி. பன்மையாக்கினால் கறுப்புக் கண்ணாடி. ஒருவர்மேல் 'ஷேட்' எறிந்தால் ஜாடை பேசுவது. இது நியூயார்க்கில் கறுப்பின, லத்தீனியத் திருநங்கையரும் தன்பால் ஈர்ப்பினரும் நடத்திய அலங்கார நடன அரங்குகளில் புழங்கிய வழக்கு. 1990இல் வந்த 'பாரிஸ் இஸ் பர்னிங்' ஆவணப்படம் அதை வெளியே கொண்டுவந்தது. அதில் ஒரு மூத்த கலைஞர் விளக்குவதன் சாரம், வாய்விட்டுத் திட்டாமல் சுருக்கென்று உறைக்க வைப்பது. நம் தெருக்குழாயடிக்கு இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஷேடோ என்றாலோ பின்தொடர்வது, எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவை, காலையில் மழித்த முகத்தில் மாலை எட்டிப்பார்க்கும் தாடி. கள்ளக்கடத்தல் கும்பலை ஆங்கிலம் 'கீழுலகம்' என்கிறது. அதை 'நிழல் உலகம்' ஆக்கியது நாம். வெயில் கொளுத்தும் ஊரில் அடைக்கலத்துக்கே இன்னொரு பெயரான சொல்லை ஏன் ரவுடிகளுக்குக் கொடுத்தோமோ!

'ட்ரேஸ்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். இழுத்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. டிராக்டர் அதன் பங்காளி. மணலில் எதையாவது இழுத்தால் கோடு விழுமே, அதுதான் முதல் ட்ரேஸ். அதன்மேல் தாளை வைத்து வரைந்தால் நகல், அதன்வழியே போனால் தேடல், அது மங்கினால் துளி. அமெரிக்க வானிலையாளர்கள் அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக மழை தூறினால், அளக்க முடியாமல் 'டி' என்று ஓர் எழுத்தை மட்டும் குறிக்கிறார்கள். மழை பெய்ததற்கு அது சாட்சி, ஆனால் அளவு கிடையாது. குதிரை வண்டியின் இழுப்பு வாருக்கும் 'ட்ரேஸ்' என்று பெயர். வேர் அதே இழுத்தல் என்றாலும் வேறு வழியில் வந்த சொல். ஒருவன் அதை உதைத்துத் தாண்டினான் என்றால் அடங்காமல் திமிறினான் என்று பொருள். சுவடுகளை மிதித்தான் என்று எழுதிவிடக் கூடாது.

லத்தீனில் கால்தடத்துக்கு 'வெஸ்டிஜியம்'. 'இன்வெஸ்டிகேட்' என்ற கனத்த சொல்லுக்குள் இருப்பது அதுதான். ஆடு காணாமல் போனால் நம் ஊரில் தடம் பார்த்துப் போவார்களே, அந்த வேலை. 'டெலிரியம்' இன்னும் அழகு: ஏர் உழவுச்சாலை விட்டு விலகிப்போவது. ஜன்னியில் பிதற்றுகிறவரை ரோமானியர் அப்படிப் பார்த்தார்கள். 'லேர்ன்' என்ற சொல்லையும் தடம், சால் என்று பொருள்படும் அதே தொல்வேரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் மொழியியலாளர்கள். உங்கள் தொழிலுக்கும் பிதற்றலுக்கும் ஒரே பூர்வீகம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, பயிற்சிக்காக நீங்கள் அனுப்பிய இரண்டு வாக்கியங்கள். அவள் குரலில் சோகத்தின் 'ட்ரேஸ்' இருந்தது என்பதற்குச் 'சோகச் சுவடு' வேண்டாம். 'சோகம் இழையோடியது' என்று சொல்லிக்கொடுங்கள். ஒரு 'ஷேட்' உயரம் என்பதற்கு 'ஒரு நூல் உயரம்'. எந்தத் தச்சரிடம் கேட்டாலும் நூல் என்றால் அரைக்கால் அங்குலம் என்பார். ஆங்கிலேயர் நிழலையும் சுவடையும் வைத்து அளக்கிற மெல்லிய விஷயங்களை நாம் நூலால் அளக்கிறோம். அவர்களிடமும் நூல் இல்லாமல் இல்லை. 'க்ளூ' என்றால் முதலில் நூல் உருண்டை. கிரேக்கக் கதையில் அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் தீசியஸ் சுற்றுவழிச் சிறையிலிருந்து வெளியே வந்தான்.

கட்டுரைத் தொகுப்பு மறுபதிப்புக்குப் போகிறது. குதிரையை அவிழ்த்துவிடச் சொல்லி அச்சகத்துக்கு எழுதிவிட்டேன். மாடுகளையும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
உங்கள் மொழிபெயர்ப்பாளன்