சுரங்கப் பதிவேடும் உறவுசார் தரவுத்தளமும்

கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-இல் தன் பணியை நிறுத்தியது. ராபர்ட்சன்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் முன்னாள் தொழிலாளர்க்குப் பழைய பதிவேடுகள் வெறும் காகிதமல்ல. பாறைத் தூசியால் விளையும் சிலிகோசிஸ் நோய் பல்லாண்டுகள் கழிந்தும் வெளிப்படக்கூடும். யார், எச்சுரங்கத்தில், எத்தனை ஆண்டு உழைத்தார் என்பது அப்போது தெரிந்தாக வேண்டும்.

இப்பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றுவதாகக் கொள்வோம். அனைத்தையும் ஒரே அட்டவணையில் எழுதினால், நான்கு சுரங்கங்களில் பணிபுரிந்தவரின் பெயரும் பிறந்த தேதியும் நான்கு முறை இடம்பெறும். ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் விட்டுவிட்டால் ஒருவரே இருவராகிவிடுவார். 1970-இல் எட்கர் காட் வகுத்த உறவுசார் முறை, செய்திகளைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து இக்குறையைக் களைய வழிசெய்தது.

எவ்வாறு பிரிப்பது? 1976-இல் பீட்டர் சென் வெளியிட்ட வரைபட முறை இதற்குத் துணைபுரிகிறது. தொழிலாளி ஒரு பொருள். சுரங்கம் மற்றொரு பொருள். பணிபுரிதல் அவற்றிடையேயுள்ள உறவு. ஒருவர் பல சுரங்கங்களில் பணிபுரிவார்; ஒரு சுரங்கத்தில் பலர் பணிபுரிவர். ஆகவே அவ்வுறவுக்கே தனி அட்டவணை வேண்டும்: தொழிலாளி எண், சுரங்க எண், வேலை வகை, தொடங்கிய நாள், முடிந்த நாள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் பாறை துளைத்தவரையும், தரைமேல் பட்டறையில் இருந்தவரையும் வேறுபடுத்திக் காட்டுவது இதுவே.

பெயரை அடையாளமாகக் கொள்ளலாகாது. முனுசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில்தான் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! இருவருக்கு வழங்கப்படாத பணியாளர் எண்ணே முதன்மைத் திறவுகோல். பணி அட்டவணையில் அதே எண் அயல் திறவுகோல் ஆகிறது. தொழிலாளி அட்டவணையில் இல்லாத எண்ணை அங்குப் பதிய முயன்றால் கணிப்பொறி மறுத்துவிடும். சார்ந்தோர் அட்டவணையிலும் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால், கணவனை இழந்த பெண்ணின் மனுவிலிருந்து அவர் கணவர் துளைத்த பாறை வரை தேடிச் செல்ல இயலும்.