சவுக்காரத் தொழிலும் பத்திரிகைச் செய்தியும்

சங்கத்தில் கடன் பெற்றுக் கையால் சவுக்காரம் செய்வோருக்கு, உள்ளூர்ப் பத்திரிகையில் வரும் ஒரு செய்தி, பணங்கொடுத்துப் போடும் விளம்பரத்தினும் அதிக நம்பிக்கையைத் தேடித் தரும். ஆனால் அதற்குக் காலம் பார்த்தல் அவசியம். தேங்காயெண்ணெய் 100 பங்கு எடைக்குக் காஸ்டிக் ஸோடா சுமார் 18 பங்கு சேர்த்துக் காய்ச்சாமற் செய்த சவுக்காரம், அச்சிலிருந்து எடுத்தபின் 4 முதல் 6 வாரம் காற்றாட உலர வேண்டும். செய்தியைக் கண்டு ஜனங்கள் வந்து கேட்கும்போது முதிர்ந்த சரக்கு இல்லையெனில், உலராத கட்டியை விற்றுவிடும் ஆசை பிறக்கும். அக்கட்டி விரைவில் கரையும். காரம் மிஞ்சியிருந்தால் தோலையும் எரிக்கும். முதல் முறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். கடன் தவணையோ தவறாமல் வரும். ஆதலின் சரக்கு முதிர்ந்து அடுக்கியபின் நிருபரை அழைப்பதே நலம்.

குளியல் சவுக்காரம் செய்து விற்க உரிமம் வேண்டும். அஃதின்றிப் பத்திரிகையில் பெயர் வெளிவருவது, அதிகாரிகளுக்குத் தாமே ஓலை அனுப்பியது போலாகும்.

நிருபரிடம் எண்ணெயின் வகை, கட்டியின் எடை, விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றைக் கூறி, கட்டி அறுப்பதையும் நேரிற் காட்டலாம். வெண்குட்டம் நீங்கும் என்பது போன்ற பேச்சு மட்டும் கூடாது. அவ்வித விளம்பரத்தை 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது.