பெண்மையும் திண்மையும்
(ஆசிரியர்க்கொரு பாடம்)

சைவப் பாடசாலை ஆசிரியர்கள் மாணவிகளுக்குப் பெண்மையை விளக்கப் புகுங்கால் எதிர்ப்படும் ஐயம் ஒன்றுண்டு. அன்பு, பொறை, நாணம் என்பன பெண்மைக்கு அணிகலம் என்கின்றோம். துணிவு, தன்முயற்சி, தன் பொருளைத் தானே ஆளுதல் என்பவற்றையும் மாணவி பெறல் வேண்டும் என்கின்றோம். இவை ஓரிடத்து நிலைபெறுமோ, ஒன்று வரின் மற்றொன்று நீங்குமோ என்பதே அவ்வையம். நீங்காது என்பதே எமது துணிபு. அதனைச் சரித்திரங்கொண்டு நிறுவுவாம்.

மங்கையர்க்கரசியார் சோழன் மகளார், பாண்டியன் தேவியார். கணவன் சமண் சமயத்தைச் சார்ந்திருந்தும் தம் கொள்கையைத் தாம் கைவிட்டாரல்லர். மந்திரியாராகிய குலச்சிறையாரோடு தேர்ந்து, ஞானசம்பந்தரை மதுரைக்கு அழைப்பித்தார். அதனாற் கணவன்பால் அன்பு குன்றினாரோ எனின், அன்று. அவன் வெப்புநோயுற்றபோது நெஞ்சுருகி மருந்து நாடியவரும் அவரே. அன்பும் துணிவும் ஓருயிரின் இரு கைகளாய் நின்றவாறு காண்க.

இஃது அரசியின் செய்தி. எளிய குடிப்பெண்டிர்க்கு யாங்ஙனம் பொருந்தும் என்பாருளரேல், நம் மலைநாட்டையே காட்டுவாம். கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திற் பெருந்தேயிலைச் செய்கை 1867இல் தொடங்கிற்று. அன்றுமுதல் கொழுந்து கொய்தல் பெரும்பாலும் மாதர் கைத்தொழிலாகவே நடந்துவருகின்றது. அம்மக்களுக்காக உழைத்தவருள் ஒருவர் மீனாட்சியம்மையார். இவர் கோ. நடேசையரின் மனைவியார். மத்திய மாகாணத்து அற்றன் நகரில் 1931இல் நடேசையர் தோட்டத் தொழிலாளர் சங்கம் நிறுவினார். அம்மையார் அவரோடு தோட்டங்கள்தோறுஞ் சென்றார். மக்களறிந்த மெட்டுக்களிற் பாட்டியற்றிக் கூட்டங்களிற் பாடினார். அப்பாட்டுக்கள் 1940இல் நூலாயின. தேசபக்தன் பத்திரிகையில் மாதர்க்கு வாக்குரிமை வேண்டுமென்றும் எழுதினார்.

தாலாட்டிலும் ஒப்பாரியிலும் நம் தாய்மார் வளர்த்த செல்வம் இசை. அம்மையார் அதனை விடுத்து ஆண்குரல் பூண்டிலர். அவ்விசையையே நீதி வேண்டுங் கருவியாக்கினார். பெண்மை அவருக்குத் தடையாயிற்றில்லை, படையாயிற்று.

ஆயினும் பெற்ற உரிமை காவலின்றி நில்லாது. 1931இல் இலங்கையில் இருபத்தொரு வயது நிரம்பிய இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது; மலைநாட்டுத் தொழிலாளர்க்கோ வதிவிடக் கட்டுப்பாடுகள் இருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலார் நாட்டுரிமையிழந்தனர். அதன் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை செல்லவேண்டியதாயிற்று. ஒரே தோட்டத்தில் ஆடவரினும் மகளிர் குறைந்த நாட்கூலி பெற்ற வழக்கம் 1984இலேயே ஒழிந்தது. பொறை நல்லது, எனினும் அநீதியைப் பொறுத்திருத்தல் பொறையாகாது.

இனி, வகுப்பிற் செய்யத்தக்கன மூன்று கூறுவாம்.

முதலாவது, நாணம் என்னுஞ் சொல்லைத் திருத்தி விளக்குக. திருவள்ளுவர் குடியியலில் நாணுடைமை என்னும் அதிகாரம் வகுத்து, தகாத செயலுக்கு நாணுதலை இருபாலார்க்கும் பொதுவாக்கினார். கேட்கவேண்டியதைக் கேளாது தலைகுனிதல் நாணமன்று.

இரண்டாவது, கணிதபாடத்திற் கொழுந்து நிறுவையைக் கணக்காகத் தருக. நிறுத்த கொழுந்து இத்தனை கிலோ, கூடைக்குங் கழிவுக்குங் குறைத்தது இத்தனை. முழுப்பேருக்குரிய கூலி எவ்வளவு, அரைப்பேருக்கு எவ்வளவு என மாணவி தன் தாயின் உழைப்பைத் தானே கணக்கிடுக. சம்பளச்சீட்டை வாசிக்கவல்ல மகள் வீட்டிலிருப்பின், தாயின் கூலி பிறர் கையில் மறையாது.

மூன்றாவது, பாடசாலைப் பணிகளைப் பகிர்ந்து விடுக. கூட்டுதலும் கோலமிடுதலும் மாணவிக்கே, மணியடித்தலும் மேடையிற் பேசுதலும் மாணவனுக்கே என வகுத்துவைத்து, பின்னர்ச் சமத்துவம் போதித்தல் பயன்தராது. கோலமிடும் கையே கூட்டத்தலைமையும் தாங்கலாம். மாணவனும் விளக்குமாறு பிடிக்கக் கற்பானாக.

ஆசிரியப் பெருமக்காள்! அடங்கியிருத்தல் ஒன்றற்காகவே ஒரு சிறுமியைப் புகழாதீர்கள். “நீ ஆண்பிள்ளை போன்றவள்” என்றும் புகழாதீர்கள். முன்னது அவள் திண்மையைச் சிறுமைப்படுத்தும். பின்னது அவள் பெண்மையைச் சிறுமைப்படுத்தும். இறைவன் தன் திருமேனியிற் பாதியை உமைக்கு ஈந்தான் என்று நாடோறும் ஓதுவிக்கும் நாம், அப்பாதி குறைந்த பாதி என எண்ணுதல் தகுமோ?