ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் நாமும்



உங்கள் பிள்ளை நாலாம், ஐந்தாம் வகுப்பில் படிக்கிறதா? அப்படியென்றால் இந்தப் பக்கத்தைப் பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் கேட்கலாம். அதுவே முதல் பயிற்சி.

இந்தப் பரீட்சை எதற்கு?

1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்விக்குப் பொறுப்பாக இருந்தபோது இலவசக் கல்வி வந்தது. கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளில் சேர்க்கப் புலமைப்பரிசிலும் வந்தது. அப்போது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்ததால், அந்த வாய்ப்பு லயத்துப் பக்கம் வந்து சேரப் பல வருடம் ஆனது. தாமதமாக வந்ததை நாம் வீணாக்கக் கூடாது.

பரீட்சையால் இரண்டு நன்மை உண்டு. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் பெரிய பாடசாலையில் இடம் கேட்கலாம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணமும் கிடைக்கும்.

"டவுன் புள்ளைங்களுக்கு லேசான பேப்பர், நமக்குத்தான் கஷ்டமான பேப்பர்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அட்டாளைச்சேனைக் கடற்கரையில் தமிழில் எழுதும் பிள்ளைக்கும் நம் மலையில் எழுதும் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்தான். வெட்டுப்புள்ளி மட்டும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

வினாத்தாளில் என்ன வரும்?

முதலாம் பத்திரத்தில் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். யோசித்து விடை காணும் கேள்விகள் இவை. இரண்டாம் பத்திரத்தில் 60 கேள்வி, ஒன்றேகால் மணித்தியாலம். தமிழ், கணிதம், சுற்றாடல், சிங்களம், ஆங்கிலம் எல்லாம் அதில் வரும். இரண்டுக்கும் சேர்த்து 200 புள்ளி.

வீட்டில் செய்யக்கூடியவை

1. கொழுந்துக் கணக்கைப் பிள்ளையிடம் கேளுங்கள். "காலையில 7 கிலோ, பகல் 9, அந்திக்கு 6. மொத்தம் எத்தன? பேருக்கு 20 கிலோன்னா மேல்கிலோ எத்தன?" மொத்தம் 22, மேல்கிலோ 2. அம்மாவின் உழைப்பும் பிள்ளைக்குப் புரியும்.

2. 2, 5, 10, 17 என்று எழுதி அடுத்தது என்ன என்று கேளுங்கள். இடைவெளி 3, 5, 7 என்று கூடுகிறது. ஆகவே அடுத்தது 26. விடையை விட, "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்பதுதான் முக்கியம்.

3. தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்க வையுங்கள். பழைய பேப்பர், மருந்துப் பெட்டி, கடைப் பலகை எதுவும் உதவும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அது போதும்.

4. பாடசாலை நாளைக் கெடுக்காதீர்கள். தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள, விறகு பொறுக்க என்று பிள்ளையை மறிக்க வேண்டாம். சின்னவர்களைப் பிள்ளை மடுவத்தில் விடலாம். ஒரு நாள் போனால் ஒரு பாடம் போகும்.

5. ராத்திரி ஒன்பது மணிக்குள் தூங்க வையுங்கள். தூங்காத பிள்ளையின் தலையில் எதுவும் ஏறாது.

டியூஷனுக்காகக் கடன் வாங்க வேண்டாம். அட்டாளைச்சேனையிலும் பத்தனையிலும் உள்ள கல்வியியற் கல்லூரிகளில் தமிழ்மொழி ஆசிரியர்கள் பயிற்சி பெறுகிறார்கள். உங்கள் பாடசாலை ஆசிரியர் எங்கே படித்து வந்தவராக இருந்தாலும், மாதம் ஒரு தடவை போய், "புள்ள எதுல பின்தங்கியிருக்கு?" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். பழைய வினாத்தாள்களையும் அவரிடமே கேட்கலாம்.

பத்திரங்கள் சரியா?

பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெயரோ பிறந்த திகதியோ பாடசாலைப் பதிவோடு ஒத்துப் போகவில்லையென்றால் அதிபரிடம் உடனே சொல்லுங்கள். சான்றிதழே இல்லாதவர்கள் எங்களிடம் வாருங்கள். படிவம் நிரப்ப நாங்கள் உதவுவோம். பரீட்சைக்கு முதல் கிழமை ஓடித் திரிந்து பயனில்லை.

பெரிய பாடசாலையில் இடம் கேட்பதற்கு முன்னால் பஸ் உண்டா, விடுதி உண்டா, மாதம் எவ்வளவு செலவாகும் என்று வீட்டில் கூடிப் பேசுங்கள். பெண்பிள்ளை என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

வெட்டுப்புள்ளி எடுக்காவிட்டால்?

பிள்ளைக்குப் பத்து வயதுதான். "அடுத்த லயத்துப் புள்ள 150 எடுத்துச்சே, நீ என்னத்த கிழிச்ச?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை புத்தகத்தையே வெறுத்துவிடும். அடிக்கவும் கூடாது. ஆறாம் வகுப்புக் கதவு எல்லாப் பிள்ளைக்கும் திறந்தே இருக்கிறது. சாதாரண தரம், உயர்தரம் என்று இன்னும் எத்தனையோ படிகள் இருக்கின்றன. இந்தப் பரீட்சையில் தோற்றதைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புவதுதான் உண்மையான தோல்வி. அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களான நம் பொறுப்பு.

பரீட்சையன்று காலையில் வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். இரண்டு பென்சில் சீவிக் கொடுங்கள். "தெரிஞ்சத எழுது, பயப்படாத" என்று சொல்லி அனுப்புங்கள். மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.