இடைக்கால இல்லம்

பாலாற்று நீர் பேத்தமங்களா ஏரியில் தேங்கி, தூய்மை செய்யப்பட்டு, கோலார் தங்கவயலின் வீடுகளுக்கும் சுரங்கங்களுக்கும் நெடுங்காலம் சென்றது. ஆற்றுக்கும் வீட்டுக்கும் இடையே ஏரி ஆற்றிய பணியைத் தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே ஆற்றுவது இடைக்கால இல்லம்.

வீடின்றித் தெருவில் வாழும் இளையோருள் சிலர் மனநோயாலோ போதைப் பழக்கத்தாலோ துன்புறுகின்றனர். அவர்களுக்கு மருந்து மட்டும் அளித்தால் போதாது. அதனை வேளை தவறாது உட்கொள்ள உணவும் உறக்கமும் பாதுகாப்பும் வேண்டும். கூரை மட்டும் அளித்தாலும் நோய் தீராது. எனவே, உறைவிடமும் சிகிச்சையும் இணைந்தே கிடைத்தல் வேண்டும்.

இதனை உணர்ந்த வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இளம்பெண்கள் இருவர், 1993ஆம் ஆண்டில் சென்னையில் ‘தி பான்யன்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். ‘பான்யன்’ என்பதற்கு ஆலமரம் என்பது பொருள். மனநோயுற்றுத் தெருவில் அலைந்த பெண்களுக்கு அதன் ‘அடைக்கலம்’ இல்லம் உணவும் சிகிச்சையும் அளித்தது. நலம் பெற்றோர் பலர் தம் ஊரையும் உறவையும் நினைவுகூர்ந்து குடும்பத்தைச் சேர்ந்தனர்.

திரும்பிச் செல்ல வீடில்லாதோர் என் செய்வர்? அவர்களுக்காக 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் தோன்றியது. நால்வர் அல்லது ஐவர், ஊரார் வாழும் தெருவிலேயே ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கின்றனர். சமைப்பதும் கடைக்குச் செல்வதும் அண்டை வீட்டாரோடு உரையாடுவதும் அவர்களது அன்றாட வாழ்வாகின்றன. துணைபுரியப் பணியாளர் உளர்.

இவ்வுதவி இரக்கத்தால் மட்டும் தரப்படுவதன்று, உரிமையும் ஆகும். வீடற்றோர் அரசு மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அலைந்து திரியும் மனநோயாளரைக் காவலர் சிறையில் அடைத்தல் கூடாது. 24 மணி நேரத்திற்குள் அரசு நல நிலையத்திற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியேறுவோர் பின்பராமரிப்பு பெற 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழிசெய்கிறது.

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் ரயிலிலோ பங்காருப்பேட்டை நிலையத்திலோ தனித்துத் தவிக்கும் சிறுவரைக் கண்டால், 1098 என்னும் எண்ணை அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு உரிய எண் 14416. ஏளனப் பார்வை ஒருவரை மேலும் தெருவில் தள்ளும். ஓர் அழைப்பு அவரை இல்லத்தில் சேர்க்கும்.

சொற்பொருள்
உறைவிடம் – தங்குமிடம்
அடைக்கலம் – புகலிடம்
ஏளனம் – இகழ்ச்சி

பிரித்து எழுதுக
1. வீடற்றோர்
2. பாலாறு

வினாக்கள்
1. மருந்து மட்டும் போதாது எனப் பாடம் கூறுவது ஏன்?
2. ‘அடைக்கலம்’, ‘ஹோம் அகெய்ன்’ ஆகியவற்றின் பணிகளை வேறுபடுத்தி எழுதுக.
3. இடைக்கால இல்லத்தை ஏரியோடு ஒப்பிடுவது பொருந்துமா? காரணம் தருக.