முள்ளுக்குப் பயந்து பஃபலோ மீனை விடாதீர்கள்

மெம்ஃபிஸ் பக்கம் குடிவரும் நம் ஆட்கள் பலரும் ஒரு தடவை பஃபலோ மீன் வாங்குகிறார்கள். பெரும்பாலும் அந்த ஒரு தடவையோடு சரி. பார்க்கக் கொழுத்த கெண்டை மாதிரி இருக்கும், விலையும் மலிவு. வீட்டுக்குக் கொண்டுபோய்த் துண்டு போட்டுப் புளி கரைத்துக் குழம்பு வைக்கிறார்கள். முதல் கவளத்திலேயே நூல் நூலாக முள். குழந்தைகளுக்குக் கொடுக்கப் பயந்து சட்டியோடு கொட்டியவர்களை எனக்குத் தெரியும். மீன் மேல் குற்றமே இல்லை. வெட்டும் முறை தெரியாததுதான் குறை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்கத் தெற்கின் ஆறுகளில் கிடைக்கும் பஃபலோ, கார், டிரம், கெண்டை எல்லாவற்றையும் சேர்த்து ‘ரஃப் ஃபிஷ்’ என்பார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் மதிக்காத மீன்கள் என்று அர்த்தம். ஆனால் ஆர்கன்சா, மிசிசிப்பி, லூசியானா ஆற்றங்கரைகளில் வலை போட்டுப் பிழைப்பவர்களுக்கு இவைதான் வருமானம். மிசிசிப்பி டெல்டாவின் கறுப்பினக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பொரித்துச் சாப்பிட்ட மீனும் இதுதான். முள்ளை அடக்கும் வித்தை அந்த அடுப்படிகளில் வளர்ந்தது. நாம் அவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது

எந்த வலையில் பிடித்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ‘ஹூப் நெட்’ என்றால் தயங்காமல் வாங்கலாம். வளையங்களில் கோத்த நீளமான கூண்டு வலை அது. வால் பக்கத்தை நீரோட்டத்துக்கு மேலே நங்கூரமிட்டு, வாயைக் கீழ்நோக்கித் திருப்பி ஆற்றின் அடியில் கிடத்துவார்கள். இரைக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. எதிர்நீச்சல் போட்டு வரும் மீன் உள்ளே இருக்கும் புனல் வழியாக நுழைந்தால் திரும்ப வழி தெரியாது. ஆனால் வலையைத் தூக்கும்வரை உயிரோடு இருக்கும். செவுள் வலை அப்படியல்ல. அதில் மாட்டிய மீன் செத்துத் தண்ணீரிலேயே கிடக்கும். கோடையில் அந்தச் சதை சீக்கிரம் குழைந்துவிடும்.

பஃபலோவையும் சாதாரணக் கெண்டையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கெண்டைக்கு வாயோரம் மீசை உண்டு, பஃபலோவுக்குக் கிடையாது. இரண்டு மூன்று கிலோ எடையுள்ளதாகப் பாருங்கள். பெரிய வாய் பஃபலோ நூறு வயதைத் தாண்டியும் வாழக்கூடியது. 2019-இல் வந்த ஓர் ஆய்வு 112 வயது மீனையே அடையாளம் கண்டது. மீன் வயதாக வயதாக உடம்பில் பாதரசம் சேரும் என்பதால், ராட்சத மீனை ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். நீங்களே பிடிக்கிறீர்கள் என்றால், அந்த ஆற்று மீனைச் சாப்பிடுவது பற்றி மாநில அரசு வெளியிட்டிருக்கும் எச்சரிக்கையை முதலில் படியுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இதைத் தவறவே விடக்கூடாது.

சுத்தம் செய்தல்

செதிலைச் சுரண்டி, குடலை எடுத்து, நடுமுள்ளிலிருந்து இரண்டு பக்கச் சதையையும் வழித்தெடுங்கள். தோலை உரிக்காதீர்கள்.

உரித்தால் பக்கவாட்டில் ஒரு சிவந்த பட்டை தெரியும், சேற்று வாடை அதில்தான் அதிகம், அதை எடுத்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் தோல் போய்விட்டால், புதியவர் கையில் சதை துண்டு துண்டாகிவிடும். பிடித்தவுடன் ரத்தம் வடித்துப் பனிக்கட்டியில் போட்ட மீனில் வாடை அவ்வளவு தெரியாது.

வயிற்றுப் பக்க விலா எலும்புப் பகுதியைத் தனியாக அறுத்து எடுங்கள். கடைகளில் ‘பஃபலோ ரிப்ஸ்’ என்று விற்பது இதைத்தான். எலும்பு பெரிது, கையில் பிடித்துக் கடித்துவிட்டு எலும்பைத் தட்டில் போட்டுவிடலாம். முதல்முறை சமைப்பவர்கள் இதிலேயே தொடங்கினால் பயம் தெளியும்.

கீறல் போடுதல்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். நடுமுள்ளை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பஃபலோவின் முதுகுச் சதைக்குள்ளும் வால் சதைக்குள்ளும், நடுமுள்ளோடு ஒட்டாமல், கவட்டை போலப் பிளந்த மெல்லிய முட்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பிடுங்க முயல்வது வீண். சதைதான் பிய்யும். பிடுங்கக் கூடாது, நறுக்க வேண்டும்.

முதலில் சதைத் துண்டை அரை மணி நேரம் உறைபெட்டியில் வையுங்கள். கல்லாக உறையக் கூடாது, விறைத்தால் போதும். கொழகொழவென்று இருக்கும் சதையில் கத்தி நழுவும்.

பலகையில் தோல் கீழே, சதை மேலே இருக்கும்படி வையுங்கள். நேரான அலகுள்ள நீளமான கத்தியை எடுங்கள். வளைந்த கத்தி நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் வெட்டும். துண்டின் நீளத்துக்குக் குறுக்காக, செங்குத்தாக வெட்டுங்கள். கீறலுக்குக் கீறல் 3 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது கிட்டத்தட்ட இரண்டு குவார்ட்டர் நாணயங்களை அடுக்கினால் வரும் கனம். வஞ்சிரத்தில் மசாலா இறங்குவதற்காக இரண்டு விரற்கடைக்கு ஒன்றாகப் போடுவோமே, அந்தக் கீறல் இங்கே உதவாது.

கத்தி தோல் வரைக்கும் இறங்க வேண்டும், தோலை அறுக்கக் கூடாது. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முள்ளை அறுக்கும்போது ‘நற நற’ என்று சன்னமாகச் சத்தம் வரும். முதுகுப் பக்கம் வெட்டும்போது அந்தச் சத்தம் வரவில்லை என்றால் கத்தி முள் வரை போகவில்லை. அதே கீறலில் திரும்ப அழுத்துங்கள். வால் பக்கம் வரும்போது அலுத்துப்போய் நிறுத்திவிடாதீர்கள். அங்கேயும் முள் இருக்கிறது.

முடித்ததும் துண்டைத் தூக்கி, தோல் உள்பக்கம் வரும்படி மடக்குங்கள். கீறல்கள் விசிறி மாதிரி விரிய வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மறுபடி கத்தி வையுங்கள். இந்த வேலைக்கு ஒரு துண்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அவசரம் என்றால் அன்றைக்கு வேறு மீன் வாங்குங்கள்.

பொரித்தல்

நம் வீட்டுப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். இஞ்சி பூண்டு அரைத்த ஈர மசாலாவைத் தடவாதீர்கள். அது கீறல்களை அடைத்துவிடும், எண்ணெய் முள்ளை எட்டாது. உப்பு, மிளகுத்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் உலர்ந்ததாகவே தூவுங்கள். பிறகு மஞ்சள் மக்காச்சோள மாவில் புரட்டுங்கள். ரவை பதத்தில் இருக்கும் மாவு அது, வெள்ளைக் கார்ன்ஃப்ளார் அல்ல. துண்டை மடக்கி, கீறல்களுக்குள்ளும் மாவு போகும்படி புரட்டி, மிச்சத்தை உதறிவிடுங்கள்.

கடலை எண்ணெய் 180 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை காய வேண்டும். துண்டு முழுக அளவு எண்ணெய் வேண்டும். தோசைக்கல்லில் இரண்டு கரண்டி விட்டு வறுத்தால் முள் முள்ளாகவே இருக்கும். நறுக்கிய முள் கொதி எண்ணெயில் ஈரம் போய் மொறுமொறுப்பாகிவிடும், பல்லில் தட்டாது. கீறிய பக்கம் கீழே இருக்கும்படி போடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம், எண்ணெய் ஆறிவிடும். சலசலப்பு அடங்கி, ஆழ்ந்த பொன்னிறம் வந்ததும் எடுத்துக் கம்பி வலைமேல் வையுங்கள். தாளில் வைத்தால் வேர்த்து நமுத்துப்போகும்.

மற்ற மீன்கள்

குழம்புதான் வேண்டும் என்றால் டிரம் வாங்குங்கள். லூசியானாவில் இதற்கு ‘காஸ்பர்கூ’ என்று பெயர். சதைக்குள் அந்தக் கவட்டை முள் கிடையாது. அங்கே தக்காளிச் சாற்றில் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். புளிக்குழம்புக்கும் நன்றாக வரும்.

1970-களில் ஆர்கன்சாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தப்பி, ஆறெல்லாம் பெருகிவிட்ட சில்வர் கார்ப் நம் ஊர்க் குளங்களில் வளர்க்கும் வெள்ளிக்கெண்டையேதான். அதற்கும் இதே கீறல்முறை செல்லும்.

காருக்குச் செதில் ஓடு போலக் கடினம். கத்தி எடுபடாது, தகரம் வெட்டும் கத்திரிதான் சரி. சதையைக் கரண்டியால் வழித்து, வெங்காயம், உருளைக்கிழங்கு சேர்த்து உருண்டை பிடித்துப் பொரியுங்கள். அதன் சினை மட்டும் விஷம். நமக்குச் சினை என்றால் உயிர், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: காரின் சினையை நீங்களும் தொடாதீர்கள், நாய் பூனைக்கும் போடாதீர்கள்.

அடுத்த முறை கடையில் பஃபலோவைப் பார்த்தால் கடந்து போகாதீர்கள். மலிவான மீன் என்றாலும் மட்டமான மீன் அல்ல. கீற நேரமில்லை என்றால் கடைக்காரரிடமே கீறித் தரச் சொல்லுங்கள், பல கடைகளில் செய்து தருவார்கள். இடைவெளி சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் நின்று பார்த்து வாங்குங்கள்.