கல் நோகாமல் ஒரு கல்யாணப் பந்தல்!

மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. "முகூர்த்தத்தை நம்ம குமாரகோவில்ல வச்சுக்கலாமா?" என்று நாகர்கோவில் சம்பந்தி அம்மாள் கேட்கிறார். சென்னையில் இருக்கும் உங்களுக்கும் ஆசைதான். வேளிமலை அடிவாரத்தில், பங்குனிதோறும் குமாரசுவாமிக்கும் வள்ளிக்கும் திருக்கல்யாணம் நடக்கிற தலம் ஆயிற்றே! ஆனால், பந்தல்? கல்யாண மண்டபம் என்றால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பழைய கோயில் வளாகத்தில் நாம்தான் கவனிக்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டில் பந்தலின் பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் இருக்கிற முப்பந்தல். சேர, சோழ, பாண்டியர் மூவரும் ஔவைப்பிராட்டியின் முன்னிலையில் ஆளுக்கொரு பந்தலிட்டுக் கூடியதால் இந்தப் பெயர் வந்தது என்பது செவிவழிக் கதை. இன்று அங்கே இசக்கியம்மனைக் கும்பிட்டு நிமிர்ந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள்! இந்த மாவட்டத்தில் பந்தல் போடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது அந்தக் காற்றைத்தான். ஆடியில் நாம் முகூர்த்தம் வைப்பதில்லை, நல்லதாயிற்று. ஆனால் வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழையும் பெய்கிற பூமி இது. நாலு பக்கமும் துணி கட்டி அடைத்த ஷாமியானா, காற்றடித்தால் பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு கால்களைப் பிடுங்கிவிடும். பக்கங்களைத் திறந்து விடுங்கள். கூரை தட்டையாக இல்லாமல், தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாக இருக்கட்டும்.

அடுத்தது, பந்தக்கால். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலை கட்டி, குழியில் நவதானியம் போட்டுக் கால்நாட்டு நடத்துவது நம் வழக்கம். கல் பாவிய பிராகாரத்தில் எங்கே குழி தோண்டுவது? தோண்டவே கூடாது. முதல் காலை உங்கள் வீட்டு முற்றத்தில் நாட்டி சாஸ்திரத்தை முடித்துக்கொள்ளுங்கள். கோயிலில் மணல் நிரப்பிய தொட்டிகளில் கால்களை நிறுத்தி, குறுக்கே கமுகும் மூங்கிலும் வைத்துக் கட்டினால், பந்தல் தன் காலிலேயே நிற்கும். தொட்டிகளைச் சுற்றி மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டால் காற்றுக்கும் அசையாது.

'பக்கத்திலேயே கல்தூண் இருக்கிறதே, அதில் ஒரு கயிறு கட்டினால் என்ன?' என்று பந்தல்காரர் கேட்பார். வேண்டாம் அம்மா! சுசீந்திரத்தில் தட்டினால் ஸ்வரம் பேசும் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவுக்குக் கல்லை இழைத்த சிற்பிகளின் பூமி இது. எங்கள் உறவில் ஒரு கல்யாணம். கோயில் பெயர் வேண்டாம். தோரணம் மாட்டுவதற்காகத் தூண் இடுக்கில் யாரோ ஆணி அடிக்க, விளக்கேந்திய பாவையின் விரல் நுனி தெறித்து விழுந்தது. மணப்பெண்ணின் பாட்டி அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒட்டுநாடாவும் வேண்டாம், உரிக்கும்போது பழைய வண்ணப்பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

இனி, நெருப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1997 ஜூன் 7 அன்று, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக்காகப் போட்டிருந்த யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமணத்தில் ஓலைப் பந்தல் பற்றிக்கொண்டது. இறந்தவர்களில் மணமகனும் ஒருவர். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது இல்லையா?

காய்ந்த கீற்று பஞ்சு மாதிரிப் பற்றும். அதனால் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் வெட்டி முடைந்த பச்சைத் தென்னோலையையே கேளுங்கள். மேற்கட்டிக்குப் பாலியெஸ்டர் வேண்டாம். அது உருகி, எரிகிற சொட்டாகத் தலையில் விழும். பருத்தி வேட்டித்துணி போதும். அதுவும் பற்றக்கூடியதுதான் என்பதால், ஓமகுண்டத்துக்கு நேர் மேலே ஓலையோ துணியோ இல்லாமல் வானம் தெரிய விட்டுவிடுங்கள். புகையும் மேலே போய்விடும், பக்கத்துச் சிற்பங்களில் கரி படியாது. வீடியோ விளக்குகளும் ஒயர்களும் ஓலையைத் தொடக்கூடாது. மணவடையின் இரண்டு பக்கமும் ஆட்கள் வெளியேற வழி இருக்கட்டும். அங்கே நாற்காலிகளை அடுக்க விடாதீர்கள். தண்ணீர் வாளிகள், மணல், தீயணைப்பான் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். இத்தனையையும் எழுதிக் காட்டி, கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அலங்காரத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். குலை தள்ளிய வாழை, குருத்தோலைத் தோரணம், நிறைநாழியில் விரித்த தென்னம்பூ, குத்துவிளக்கு... இதற்கு மேல் என்ன வேண்டும்? மாலைக்குத் தோவாளை இருக்கவே இருக்கிறது. அங்கே கட்டும் மாணிக்க மாலை 2025-ல் புவிசார் குறியீடு பெற்றது. தெர்மாகோல் யானையும் பிளாஸ்டிக் பூவும் அங்கே எடுபடாது என்பது என் அபிப்பிராயம்.

பந்தல் பிரிக்கிற அன்று வீட்டார் ஒருவர் கட்டாயம் உடன் இருங்கள். கயிற்றை அறுத்து அப்படியே சாய்த்தால் கம்பு போய்க் கல்லில் மோதும். மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லுங்கள். வாழைமரத்தைப் பக்கத்து மாட்டுத்தொழுவத்துக்குக் கொடுத்துவிடலாம். கடைசியாகப் பிராகாரத்தைப் பெருக்கி, சிந்திய எண்ணெயை அரிசிமாவு தூவித் துடைத்துவிட்டு வாருங்கள்.